அரைத்த மாவை அரைக்கும் மனம்

காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் மேலதிகாரி நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார். அந்தப் பேச்சு அரை நிமிடம்கூட நீடிப்பதில்லை. மதியச் சாப்பாட்டின்போது அது திரும்ப வருகிறது. அப்போதே இப்படிப் பதில் சொல்லியிருக்கலாமே என்று மனம் வசனம் எழுதுகிறது. மாலையில் பேருந்துக் கம்பியைப் பிடித்து நிற்கும்போது இன்னொரு வசனம். இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைத்த பிறகு, நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற ஒத்திகை. அரை நிமிட நிகழ்ச்சிக்கு உடல் பதின்மூன்று மணி நேரம் விலை கொடுக்கிறது. இதைத்தான் அரைத்த மாவையே அரைப்பது என்கிறோம். மாவு எப்போதோ பதத்துக்கு வந்துவிட்டது; இனிமேல் தேய்வது கல்தான். மனஅழுத்தத்துக்கு மருந்து என்று இன்று கைபேசிச் செயலிகளிலும் நிறுவனப் பயிலரங்குகளிலும் மைண்ட்ஃபுல்னஸ் என்ற பயிற்சி விற்கப்படுகிறது. அது உண்மையிலேயே பலன் தருகிறதா, எவ்வளவு தருகிறது, எதனால் தருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்த ஆட்டுக்கல்லில் இருக்கிறது. அந்தப் பயிற்சியால் நிகழ்ச்சியை மாற்ற முடியாது. அரைப்பின் நேரத்தைக் குறைக்க முடியும். ஆகவே அதற்குரிய இடம் தியான மண்டபத்தைவிட, அரைப்பு அதிகமாக நடக்கும் சமையலறையும் குளியலறையும் சாலையுமே.

இதைப் புரிந்துகொள்ள உடலிலிருந்து தொடங்க வேண்டும். ஹார்வர்டின் உடலியலாளர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில், ஆபத்தின்போது விலங்கின் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகும் விதத்தை விவரித்தார். அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும், தசைகளுக்கு ரத்தம் பாயும், செரிமானம் ஒத்திவைக்கப்படும். 1936-இல் மாண்ட்ரியலில் ஹான்ஸ் செலியே எலிகளைக் குளிர், காயம், நச்சு எனப் பலவகைத் தொல்லைகளுக்கு உட்படுத்தினார். தொல்லை எதுவானாலும் விளைவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்போடு தொடர்புடைய தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. மூளையின் ஹைப்போதலாமஸ், அதன் கீழுள்ள பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் என்ற மூன்று இடங்களை இணைக்கும் சங்கிலியே இதற்குக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அட்ரினலின் நொடிகளில் வேலையைத் தொடங்கிவிடும். கார்டிசால் நிதானமாக ஏறி, இருபது முப்பது நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, ஆபத்து நீங்கியதும் இறங்க வேண்டும். குறுகிய நேரத்துக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. இறங்கவே விடாமல் வைத்திருந்தால்தான் ரத்த அழுத்தமும் தூக்கமும் நோய் எதிர்ப்பும் கெடுகின்றன. 1991-இல் ஷெல்டன் கோஹனின் குழு, 394 ஆரோக்கியமானவர்களின் மூக்கில் சளிக் கிருமிகளைச் சொட்டாக விட்டுப் பார்த்தது. மனஅழுத்தம் கூடுதலாக இருந்தவர்களுக்கே தொற்றும் சளியும் அதிகம் வந்தன.

சிங்கத்திடம் தப்பிய வரிக்குதிரை சில நிமிடங்களில் மறுபடி புல் மேயும். உயிரியலாளர் ராபர்ட் சபோல்ஸ்கி 1994-இல் தன் நூலுக்கு அந்த விலங்கைத் தலைப்பாக்கியதன் காரணம் இதுதான். மனிதனுக்குச் சிங்கம் போன பிறகும் சிங்கத்தை வரவழைக்கும் திறமை உண்டு. நேற்றையதை மீட்கவும் நாளையதைக் கற்பனை செய்யவும் வல்ல மூளைக்கு, நினைத்த ஆபத்தும் நேரில் வந்த ஆபத்தும் ஒரே மணியைத்தான் அடிக்கின்றன. நெதர்லாந்து உளவியலாளர் யோஸ் பிராஸ்ஹாட் இரண்டு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006-இல் இதை ஒரு கருதுகோளாக வகுத்தார். அழுத்தம் தரும் நிகழ்ச்சி உடலைத் தாக்குவது பெரும்பாலும் நேரடியாக அல்ல. கவலையும் மறுநினைவும் அந்த நிகழ்ச்சியை மனத்தில் நீட்டித்துக்கொண்டே இருப்பதால் உடலின் கிளர்ச்சியும் நீள்கிறது, நோய்க்கு வழி வகுப்பது அந்த நீட்சியே என்பது அவர்கள் வாதம். இதன் பொருள் முக்கியமானது. மனஅழுத்தத்தின் கணக்கில் இரண்டு வரவுகள் உள்ளன: நடந்தது ஒன்று, நடந்ததை ஓட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. முதலாவது பல நேரங்களில் நம் கையில் இல்லை. இரண்டாவதில் கொஞ்சம் இருக்கிறது.

அந்த ஓட்டம் எப்போது நடக்கிறது? மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகிய இரு ஹார்வர்ட் உளவியலாளர்கள் 2010-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில் 2,250 பேரின் கைபேசிக்கு நாளின் எதிர்பாராத வேளைகளில் கேள்வி அனுப்பினார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? 46.9 சதவீதப் பதில்களில் மனம் வேறெங்கோ இருந்தது. அலைந்த மனம் இனிமையான விஷயத்தை நினைத்தபோதுகூட, கையில் இருந்த வேலையிலேயே இருந்தபோது கிடைத்ததைவிடக் கூடுதல் மகிழ்ச்சி கிடைக்கவில்லை. கசப்பானதையோ சாதாரணமானதையோ நினைத்தபோது மகிழ்ச்சி குறைந்தது. ஒருவர் என்ன செய்கிறார் என்பதைவிட, அவர் மனம் எங்கே இருக்கிறது என்பதே அவருடைய மகிழ்ச்சியின் ஏற்ற இறக்கத்தை அதிகம் விளக்கியது. மனம் இப்படித் திரிவது சோம்பேறித்தனமும் அல்ல. நரம்பியலாளர் மார்கஸ் ரெய்க்கல் 2001-இல் காட்டியபடி, குறிப்பிட்ட வேலை தரப்படாதபோது மூளையின் சில பகுதிகள் அடங்குவதற்குப் பதிலாகச் சுறுசுறுப்பாகின்றன. தன்னைப் பற்றியும் கடந்தது வருவது பற்றியும் நினைக்கும்போது இயங்குபவை இவையே. பழகிப்போன வேலைகள் இந்தப் பகுதிகளுக்குத் திறந்த வாசல். பல் தேய்ப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் தெரிந்த பாதையில் வண்டி ஓட்டுவதற்கும் மூளையின் சிறு பகுதி போதும். மீதி முழுவதும் ஆட்டுக்கல்லிடம் போய்விடுகிறது.

இங்கேதான் மைண்ட்ஃபுல்னஸ் வருகிறது. பாலி நூல்களை மொழிபெயர்த்தபோது 1881-இல் இந்த ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தவர் ரைஸ் டேவிட்ஸ். பிரிட்டிஷ் ஆட்சியில் இலங்கையில் அதிகாரியாக இருந்தபோது பாலி கற்றவர். அவர் பெயர்க்க முயன்ற பாலிச் சொல் ‘சதி’. வடமொழி ‘ஸ்மிருதி’யின் உறவு அது, வேர்ப்பொருள் நினைவு. ஞாபகத்தைக் குறிக்கும் சொல் எப்படி இந்தக் கணத்தில் விழிப்பாக இருப்பதைக் குறிக்கும் என்று ஆங்கில வாசகர்கள் குழம்பியதுண்டு. தமிழருக்கு அந்தக் குழப்பம் வேண்டியதில்லை. பழையதை எண்ணிப் பார்ப்பதும் நமக்கு நினைவு. மயங்கி விழுந்தவர் கண் திறந்தால் ‘நினைவு திரும்பிவிட்டது’ என்பதும் அதே சொல்தான். நினைவோடு இருத்தல் என்று சொன்னால் பாதி விளக்கம் முடிந்துவிடும். பௌத்த மரபில் விடுதலைக்கான பாதையின் ஓர் அங்கமாக இருந்த இந்தப் பயிற்சியை, 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் நாள்பட்ட வலியோடு வந்த நோயாளிகளுக்காகப் பாடமாக்கினார்; பின்னர் அது எட்டு வாரப் பாடமாக நிலைபெற்றது. வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் நாளுக்கு முக்கால் மணி நேரப் பயிற்சி. தொடக்கப் பாடங்களில் ஒன்று, ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, நாவில் உருட்டி, மெதுவாகத் தின்பது. மனத்தை வெறுமையாக்கும்படி அந்தப் பாடம் கேட்பதில்லை. மனம் போகும், போனது தெரிந்ததும் சண்டை போடாமல் திராட்சைக்குத் திரும்ப வேண்டும். இந்தத் திரும்புதல்தான் பயிற்சி. நூறு முறை போனால் நூறு முறை திரும்பப் பழகியதாகக் கணக்கு.

‘சண்டை போடாமல்’ என்ற நிபந்தனை வெறும் அலங்காரமா, அவசியமா என்பதை ஓர் ஆய்வு சோதித்துப் பார்த்தது. எமிலி லிண்ட்சே, டேவிட் க்ரெஸ்வெல் குழுவினர் 2018-இல் வெளியிட்ட அந்தச் சோதனையில் மனஅழுத்தம் உள்ள 153 பேர் மூன்று பிரிவானார்கள். ஒரு பிரிவுக்கு உடலிலும் மனத்திலும் நடப்பதைக் கவனிக்கவும், கவனித்ததை விரட்டாமல் ஏற்கவும் கைபேசி வழியாக இரண்டு வாரம் சொல்லித்தரப்பட்டது. இரண்டாம் பிரிவுக்குக் கவனிக்க மட்டுமே பயிற்சி. மூன்றாம் பிரிவுக்குப் பிரச்சினைகளைச் சமாளிக்கும் வேறு யோசனைகள். பிறகு எல்லோரும் முகம் கொடுக்காத நடுவர்கள் முன் மேடைப்பேச்சும் மனக்கணக்கும் செய்ய வேண்டியிருந்தது. எவருக்கும் வியர்க்கும் சோதனை அது. ஏற்கவும் கற்றவர்களுக்கே கார்டிசாலும் ரத்த அழுத்தமும் மற்ற இரு பிரிவினரைவிடக் குறைவாக ஏறின. வெறுமனே உற்றுக் கவனிப்பது போதாது என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். படபடப்பைக் கவனித்து, ‘ஐயோ படபடக்கிறதே’ என்று மறுபடி பதறுபவர் மாவில் இன்னொரு கை அரிசி போடுகிறார். பௌத்த நூல்களில் இதற்குப் பழைய உவமை ஒன்று உண்டு: வலி முதல் அம்பு, அந்த வலியை எதிர்த்துப் புலம்புவது தானே எய்துகொள்ளும் இரண்டாம் அம்பு. ஏற்பு என்பதை அநீதிக்குத் தலையாட்டுவதாகப் புரிந்துகொள்ளக் கூடாது. நெஞ்சு இந்த நொடியில் இறுக்கமாக இருக்கிறது என்ற உண்மையோடு வழக்காடாமல் இருப்பது மட்டுமே அது.

ஏற்பதற்கு ஓர் எளிய கைப்பிடி பெயரிடுதல். மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் முப்பது பேரை மூளை ஸ்கேனுக்குள் படுக்கவைத்துக் கோபமும் பயமும் காட்டும் முகங்களைப் பார்க்கச் செய்தார்கள். முகத்தில் தெரிந்த உணர்ச்சிக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தபோது, அச்ச மணியை அடிக்கும் அமிக்டலாவின் துடிப்பு குறைந்தது. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பானது. நாம் ‘மனசு சரியில்லை’, ‘ஒரே டென்ஷன்’ என்ற இரண்டு சாக்குப் பைகளில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டுகிறோம். பையைப் பிரித்தால் உள்ளே அவமானம் இருக்கலாம், மாதக் கடைசிப் பயம் இருக்கலாம், வெறும் பசியும் தூக்கக் குறைவும் இருக்கலாம். எது என்று ஒரே சொல்லில் சொல்லிக்கொள்வது கதையை நீட்டாமல் முடித்துவைக்கிறது. கதைக்கு வாக்கியங்கள் வேண்டும். பெயருக்கு ஒரு சொல் போதும்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அன்றாடப் பயிற்சியின் வடிவம் தானாகவே கிடைக்கிறது. தினமும் எப்படியும் செய்தே தீர வேண்டிய, கைக்குப் பழகிய ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். பாத்திரம் தேய்ப்பது என்று வைத்துக்கொண்டால், தண்ணீரின் குளிர்ச்சி, நாரின் சொரசொரப்பு, எண்ணெய்ப் பிசுக்கு நீங்கியதும் விரலுக்குக் கிடைக்கும் கிறீச் என்ற உணர்வு ஆகியவற்றில் கவனம் இருக்கட்டும். மூன்றாவது தட்டில் மேலதிகாரி வந்துவிடுவார். ‘அவமானம்’ என்று பெயரிட்டு, தோள் இறுகியிருந்தால் அதையும் தெரிந்துகொண்டு, நாலாவது தட்டுக்குத் திரும்பலாம். இந்த வேலையையே 2015-இல் அமெரிக்காவில் 51 மாணவர்களைக் கொண்டு சோதித்தார்கள். நினைவோடு கழுவுவது பற்றிய ஒரு பத்தியைப் படித்துவிட்டுக் கழுவியவர்களுக்குப் பதற்றம் 27 சதவீதம் குறைந்ததாகவும் ஊக்கம் 25 சதவீதம் கூடியதாகவும் பதிவானது. கழுவும் முறையை மட்டும் படித்தவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை. சிறிய ஆய்வு, அவரவர் சொன்ன பதில்; இதை வைத்து மாளிகை கட்ட முடியாது. ஆனால் இது காட்டும் திசை மேலே சொன்ன காரண காரியத்தோடு பொருந்துகிறது. அதிகாலையில் அரை மணி நேரம் கண்மூடி உட்காருவது நல்லதுதான். என்றாலும் அரைப்பு நடக்காத வேளையில் மட்டும் பழகிவிட்டு, நடக்கும் வேளையில் கைவிட்டால், நீச்சலைக் கரையில் கற்றதுபோல் ஆகும்.

இதெல்லாம் மிகைப்படுத்தப்பட்ட விளம்பரம் என்ற சந்தேகம் நியாயமானது, ஏனெனில் மிகைப்படுத்தல் நடந்திருக்கிறது. எட்டு வாரத்தில் மூளையின் அமைப்பே மாறுகிறது என்று ஒரு காலத்தில் தலைப்புச் செய்திகள் வந்தன. 218 பேரிடம் கட்டுப்பாட்டுக் குழுக்களோடு நடந்து 2022-இல் வெளியான கவனமான ஆய்வில் அப்படிப்பட்ட மாற்றம் எதுவும் தென்படவில்லை. அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 2014-இல் வெளியான தொகுப்பாய்வு 47 சோதனைகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் நடுத்தர வலுவுள்ள ஆதாரத்தோடு மிதமான முன்னேற்றம் தெரிந்தது. பொதுவான மனஅழுத்தத்துக்கு ஆதாரம் அதைவிட மெலிந்திருந்தது. உடற்பயிற்சி, மருந்து போன்ற சிகிச்சைகளை விஞ்சியதாகச் சான்று இல்லை. ஆக, இது அதிசயம் அல்ல. அதே சமயம் பதற்ற நோயுள்ள 276 பேரை வைத்து 2022-இல் வெளியான ஒரு சோதனையில், எட்டு வாரப் பயிற்சி எஸ்சிட்டலோப்ராம் என்ற வழக்கமான மருந்துக்குக் குறையாத பலனைத் தந்தது. மருந்து சாப்பிடுகிறவர் அதை நிறுத்தலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மருந்தோடு ஒப்பிடத்தக்க ஒன்று என்பதே பொருள். பலன் எங்கே கூடுகிறது, எங்கே காணாமல் போகிறது என்பது இன்னும் சுவையான சங்கதி. திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வு அரைத்த மாவை அரைப்பதன் முற்றிய வடிவம் எனலாம். அதற்காக வடிவமைத்த பயிற்சியை 9 சோதனைகளில் 1,258 பேரிடம் பார்த்தபோது, 60 வாரங்களுக்குள் நோய் திரும்பியவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 38 சதவீதம், பெறாதவர்களில் 49 சதவீதம். மாறாக, பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு இதைப் பாடமாகவே நடத்தியபோது வழக்கமான பாடத்தைவிட எந்த நன்மையும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே அதைச் செய்து பார்க்கவே இல்லை. மனம் ஓயாமல் அரைப்பவருக்குப் பயன்படுகிறது, அன்றாடத்துக்குள் நுழையாத இடத்தில் பயன்படவில்லை. மேலே சொன்ன காரணம் உண்மையானால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

மனம் அலைவதால்தானே திட்டம் போடுகிறோம், கதை எழுதுகிறோம், எதிர்பாராத யோசனை குளிக்கும்போது வருகிறது, அதையும் அணைத்துவிடுவதா என்று கேட்கலாம். தமிழில் இதற்கும் விடை இருக்கிறது. இனியதை அசைபோடுவது வேறு, அரைத்ததை அரைப்பது வேறு. மாடு அசைபோட்டால் தீனி செரிக்கிறது. சிந்தனையும் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடி நகர்ந்தால், ஒரு முடிவுக்கோ ஒரு புதுத் தொடர்புக்கோ வந்தால், அது வேலை. பத்தாவது சுற்றிலும் அதே வசனம் அதே இடத்தில் நின்றால் அது வெறும் சுழற்சி. உள்ளே இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கவலைப்படுகிறவர் தான் திட்டமிடுவதாகவே நம்புவார். எது நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு கணம் வெளியே நின்று பார்க்க வேண்டும். நினைவோடு இருத்தல் தருவது அந்த ஒரு கணத்தைத்தான். அதன் பிறகு யோசனை பயனுள்ளது என்று பட்டால் தாராளமாகத் தொடரலாம்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பன்னிரண்டு மணி நேர வேலை, கடன், பாதுகாப்பற்ற பணி, வீட்டில் ஒருவர் தலையில் மட்டும் விழும் சுமை ஆகியவற்றால் வரும் அழுத்தத்துக்கு, ‘மூச்சைக் கவனியுங்கள்’ என்பது ஏமாற்று. ரொனால்ட் பர்சர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2019-இல் ஒரு நூல் முழுக்க இந்தக் குற்றச்சாட்டை வைத்தார்: நிறுவனங்கள் தாம் உண்டாக்கும் சுமையைத் தொழிலாளியின் மனக்குறையாக மாற்றிவிடுகின்றன என்று. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. வேலைப்பளுவைக் குறைக்காமல் பயிலரங்கு மட்டும் நடத்துவது, கூரை ஒழுகும் வீட்டில் குடை விநியோகிப்பது. ஆனால் இந்த ஆட்சேபம் முதல் அம்பைப் பற்றியது. முதல் அம்பை எய்கிறவரைத் தடுக்க வேண்டிய கடமை இருப்பதால், இரண்டாம் அம்பையும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆகாது. இரவெல்லாம் வசனம் எழுதித் தூக்கம் கெட்டவரைவிட, தூங்கி எழுந்தவரே மறுநாள் தெளிவாக உரிமை கேட்க முடியும். இந்தப் பயிற்சி எல்லோருக்கும் தீங்கற்றது என்றும் எண்ணிவிடக் கூடாது. 83 ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்றில், தியானம் செய்தவர்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குப் பதற்றம் கூடுவது போன்ற வேண்டாத விளைவுகள் பதிவாகியிருந்தன. கொடிய அனுபவங்களின் வடு உள்ளவர்கள் நீண்ட மௌன முகாம்களுக்குப் போவதற்கு முன் மருத்துவரைக் கேட்பது நல்லது. பாத்திரத்திலும் நடையிலும் தொடங்கும் சிறு பயிற்சிக்கு இங்கேயும் ஒரு வசதி உண்டு: கண் திறந்திருக்கிறது, கால் தரையில் இருக்கிறது, ஒத்துவராவிட்டால் உடனே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆகவே இந்தப் பயிற்சியிடம் எதிர்பார்க்க வேண்டியது அளவானது. நாளை காலை பத்து மணிக்கு மேலதிகாரி மறுபடி ஏதாவது சொல்வார். நெஞ்சு படபடக்கும், கார்டிசால் ஏறும். அதை எந்தத் தியானமும் தடுக்காது, தடுக்கவும் தேவையில்லை, உடல் அதற்காகவே படைக்கப்பட்டது. மதியச் சோற்றில் ஒரு முறை, பேருந்தில் ஒரு முறை, படுக்கையில் ஒரு முறை என்று மனம் போனது தெரிந்து திரும்பினால் மொத்தம் சில நிமிட மிச்சம். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறையப் பாதி அலைச்சலில் போகிறது என்பதை நினைத்தால், அந்தச் சில நிமிடங்கள் எத்தனை முறை கிடைக்கும் என்பது புரியும். கல்லை நிறுத்துவதன் நோக்கமும் சும்மா நிற்பது அல்ல. அவர் சொன்னதில் உண்மை இருந்தால் திருத்திக்கொள்ளலாம், இல்லையென்றால் அவரிடமே பேசலாம், இரண்டும் முடியாவிட்டால் வேறு வேலை தேடலாம். எதைச் செய்யவும் மாவை முதலில் கல்லிலிருந்து வழித்து எடுக்க வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும் கல்லில் இட்லி வேகாது.